ஷரீஅத்தும் அரசுச் சட்டமும்: எட்டு ஏக்கர் கரிசல் குறித்துச் சில குறிப்புகள்

முஸ்லிம் தனியார் சட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நமது அறிவுஜீவிகளுக்கு ஒரே ஒரு சொல்தான் ஞாபகத்துக்கு வருகிறது: தலாக். அதற்கு மேல் போனால் ஷாபானு. அதற்கும் மேல் போனால் பொது சிவில் சட்டம். மேடை எதுவாக இருந்தாலும் பட்டிமன்றம் இதே மூன்று சொற்களுக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒரு தரப்பு, ‘அரசுச் சட்டம் நவீனமானது, ஷரீஅத் மத்திய காலத்தது, எனவே முதலாவது இரண்டாவதை விழுங்கிவிட வேண்டும்’ என்கிறது. எதிர்த்தரப்பு, ‘ஷரீஅத் இறைவனுடையது, அரசு அதன் எல்லைக்குள் காலை வைக்கக் கூடாது’ என்கிறது. எதிரெதிராக நிற்பதாகத் தோன்றும் இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். ஷரீஅத்தும் அரசும் ஒன்றுக்கொன்று வெளியே, தனித்தனிக் கோட்டைகளாக நிற்கின்றன என்பதே இருவரும் பேசாமல் ஒத்துக்கொண்ட முன்முடிவு.

இந்த முன்முடிவைத்தான் நான் கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன். அதுவும் தலாக்கை வைத்து அல்ல, நிலத்தை வைத்து. எங்கள் வீட்டு நிலத்தை வைத்து.

1

சாத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர் கரிசல். மானாவாரி. பருத்தி, கம்பு, ஒரு காலத்தில் மிளகாய், இப்போது பெரும்பாலும் வேலிக்கருவை. அத்தா மௌத்தானபோது அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஆறு பேர். அம்மா, அண்ணன், நான், மூன்று அக்காமார். நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹப். கணக்கு மிகச் சுலபம். பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. அந்நிஸா அத்தியாயத்திலிருந்து வரும் இந்த விதி மதரஸாவில் ஓதிய சிறுவனுக்கும் தெரியும். அதன்படி அம்மாவுக்கு ஒரு ஏக்கர். மீதி ஏழில் அண்ணனுக்கு இரண்டு, எனக்கு இரண்டு, அக்காமாருக்கு ஆளுக்கு ஒன்று. பின்னமே விழாத கணக்கு.

நடந்தது என்ன? நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு அம்மாவும் மூன்று அக்காமாரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா கைரேகை வைத்தார். ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை, கொஞ்சம் ரொக்கம். மூத்த அக்காவிடம் கல்யாணத்தின்போதே, ‘சீர் வாங்கிக்கொண்டேன், இனி அத்தா சொத்தில் பாத்தியதை கோர மாட்டேன்’ என்று ஒரு வெற்றுப் பத்திரத் தாளில் எழுதி வாங்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். எட்டு ஏக்கரும் அண்ணனுக்கும் எனக்கும் நாலு நாலாகப் பட்டாவானது. நாற்கரச் சாலை வந்த பிறகு அந்தப் பக்கத்துக் கரிசலுக்கு என்ன விலை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் நடு அக்கா இன்றைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள்.

இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது? ஷரீஅத் அவர்களுக்குப் பங்கு கொடுக்கிறது. அரசுச் சட்டமும் கொடுக்கிறது. இரண்டும் ஒரே குரலில் பேசுகிற இடம் இது. மோதலே இல்லை. ஆனாலும் பங்கு கிடைக்கவில்லை. பட்டிமன்றத்தில் இந்த இடத்தைப் பற்றி யாரும் பேசாதது ஏன் என்பதுதான் என் கேள்வி.

2

நீதிமன்றத்தில் ‘ஷரீஅத்’ என்ற பெயரில் புழங்குவது எது என்று முதலில் பார்ப்போம். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்காக ஒரு நீதித் திட்டம் வகுத்தார். வாரிசுரிமை, திருமணம், சாதி, மத வழக்கங்கள் ஆகியவற்றில் முகமதியர்களுக்குக் குர்ஆனின் சட்டம், இந்துக்களுக்குச் சாஸ்திரம் என்று அதில் ஓர் ஏற்பாடு. ‘மத விவகாரம்’ என்று ஒரு வேலியை அரசுதான் முதலில் போடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை ஷரீஅத் என்பது குற்றம், சாட்சியம், வியாபாரம், வரி எல்லாவற்றையும் தொட்ட, அறிஞர்களுக்கிடையே ஓயாமல் விவாதிக்கப்பட்ட ஒரு சொல்லாடல். ஒரே ஊரில் இரண்டு முஃப்திகள் இரண்டு விதமாகச் சொல்லலாம். காஜி ஆளைப் பார்த்து, ஊரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

கம்பெனிக்கு அது சரிப்படவில்லை. அதற்கு ஒரே புத்தகம் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மர்கீனானியின் ‘ஹிதாயா’வை அரபியிலிருந்து பாரசீகத்துக்கும், அந்தப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்தார்கள். சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1791இல் வெளியானது. மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு சட்டமாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் வக்கீல்கள் கையில் வேதம் மாதிரிப் புழங்கிய ‘முகமதியச் சட்டக் கோட்பாடுகள்’ நூலை எழுதிய முல்லா ஒரு பார்சி. அவர் எழுதக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ‘தூய ஷரீஅத்’ என்று இன்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் எதைப் பாதுகாக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு பகுதியாவது, ஆங்கிலேய நீதிபதிகள் வாசித்துக் கெட்டிப்படுத்திய ஒரு பிரதியைத்தான்.

மறுபக்கம், 1860இல் தண்டனைச் சட்டம், 1872இல் சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும். குற்றம் போயிற்று, சாட்சியம் போயிற்று, வியாபாரம் போயிற்று. மிச்சம் வீடு. பெண் இருக்கும் இடம். வெளியில் எல்லாவற்றையும் இழந்த ஆண்கள் வீட்டுக்குள் மட்டும் தங்கள் அடையாளத்தைக் காக்கப் புறப்பட்ட கதை இந்துக்களுக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு.

காஜிகள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம், அரசு காஜிகளை நியமிப்பது உசிதமல்ல என்று அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது. திருமணப் பதிவுக்குக் காஜி வேண்டும் என்று கோரிக்கை எழவே, சர் சையத் அகமது கான் வைசிராய் சபையில் கொண்டுவந்த மசோதா 1880இல் காஜிகள் சட்டமாயிற்று. அதன் 4ஆம் பிரிவு முக்கியமானது. நியமிக்கப்பட்ட காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது, திருமணத்துக்கு அவர் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பெயர் இருக்கும், அதிகாரம் இருக்காது. கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில் கதை வேறு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, மணநீக்கச் சட்டத்தின்படி அங்கே காதி நீதிமன்றங்களை நடத்துவதே அரசுதான். இரண்டு நாட்டிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், மதம் ஒன்று. ஆனால் ‘ஷரீஅத்’ எங்கே நிற்கிறது என்பதை அரசுதான் தீர்மானித்திருக்கிறது.

3

சென்னை மாகாணத்தில் 1873ஆம் ஆண்டின் சிவில் நீதிமன்றச் சட்டம் 16ஆம் பிரிவில் இன்னொரு வாசலைத் திறந்து வைத்தது. முகமதியருக்கு முகமதியச் சட்டம். கூடவே, சட்டத்தின் வலிமை பெற்ற வழக்காறு இருந்தால் அதுவும் செல்லும். இந்த ‘வழக்காறு’ என்ற சொல் எல்லா இடத்திலும் பெண்ணுக்கு எதிரானது என்று சொல்லிவிட முடியாது. மலபாரில் மாப்பிள்ளைகளின் மருமக்கள்தாயம் பெண்வழி உரிமை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடிவைக்கும் பழக்கம் இன்றும் உண்டு. ஆனால் பஞ்சாபிலும் வேறு பல இடங்களிலும் வழக்காறு என்பது மகளுக்கு நிலமே இல்லை என்பதாகத்தான் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) பிரயோகச் சட்டத்தை வாசிக்க வேண்டும். எந்த வழக்காறு இருந்தாலும், வாரிசுரிமை, திருமணம், தலாக், மஹர், வக்ஃப் முதலானவற்றில் ஷரீஅத்தே செல்லும் என்றது அதன் 2ஆம் பிரிவு. சென்னைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இதற்கு முரணான அளவுக்கு, ரத்தாயிற்று. உலமாக்கள் ஆதரித்தார்கள், பெண்கள் அமைப்புகளும் ஆதரித்தன. வழக்காறு பறித்ததை ஷரீஅத் மீட்டுத் தரும் என்பது அன்றைய நம்பிக்கை. அதாவது ஷரீஅத்தை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது ஓர் அரசுச் சட்டம். கொண்டுவந்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம் பெண்ணின் சொத்துரிமை. இந்த இரண்டையும் இன்று எந்தத் தரப்பும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆனால் அந்த 2ஆம் பிரிவுக்குள் ஓர் அடைப்புக்குறி இருந்தது. விவசாய நிலம் பற்றிய கேள்விகள் நீங்கலாக! 1935ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரம், மத்திய சபை அதைத் தொட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் சட்டபூர்வமானதுதான், பலன் யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிலமே சொத்தாக இருந்த நாட்டில் நிலத்தை விட்டுவிட்டு மீதிக்கு ஷரீஅத் என்றால், நிலவுடைமை ஆண்களுக்கு அதில் என்ன வருத்தம் இருக்க முடியும்? உத்தரப் பிரதேசத்தில் சுதந்திரத்துக்குப் பிறகும் விவசாய நிலத்தின் வாரிசை நிர்ணயித்தது ஷரீஅத் அல்ல, ஆண்வழிக்கு முன்னுரிமை தரும் மாநில நிலச் சட்டம். ‘ஷரீஅத் ஆபத்தில்’ என்று அதற்காக ஊர்வலம் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1939இல், முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். ஹனஃபி வழியில் பெண் விவாகரத்துப் பெறுவது ஏறக்குறைய இயலாததாக இருந்தது. அதிலிருந்து தப்பிக்கச் சில பெண்கள் மதத்தையே விட்டு வெளியேறினார்கள். அதைக் கண்டு திகைத்த அஷ்ரஃப் அலி தானவி போன்ற தேவ்பந்த் அறிஞர்களே மாலிக்கி வழியிலிருந்து விதிகளை இரவல் வாங்கலாம் என்றார்கள். ஷரீஅத் மாறாது என்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும். பெண்கள் வெளியேறிக் காட்டியபோது அது மாறியது. மாறியதை எழுதிவைத்தது அரசு.

இனிச் சென்னைக்கு வருவோம். 1948 நவம்பர் 23ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றி விவாதம். எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த முகம்மது இஸ்மாயில் சாகிப், நம் காயிதே மில்லத். அவருடைய திருத்தம் தோற்றது. இது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. தெரியாத வரலாறு அடுத்த வருஷம் சென்னையில் நடந்தது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் எண் சென்னைச் சட்டம், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவைத் திருத்தி, ‘விவசாய நிலம் நீங்கலாக’ என்ற அடைப்புக்குறியை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து சாத்தூர்க் கரிசலில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டப்படி பங்கு உண்டு. இந்து மகளுக்கு அப்பாவின் தனிச் சொத்தில் சம பங்கு 1956இல்தான் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுவதும் 2005இல்.

ஆணின் பங்கில் பாதி என்பது பாதிதான், அதை நியாயப்படுத்த நான் இங்கே வரவில்லை. அந்தப் பாதிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வந்திருக்கிறேன்.

4

அந்தப் பாதி போகும் வழி விடுதலைப் பத்திரம். இதிலும் ஷரீஅத்துக்கும் அரசுக்கும் இடையில் ஒரு கதை இருக்கிறது.

முஸ்லிம் சட்டப்படி ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவர் சொத்தில் வாரிசுக்கு எந்த உரிமையும் இல்லை. வெறும் எதிர்பார்ப்புதான். இல்லாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? ஆக, அப்பன் உயிரோடு இருக்கையில் மகள் எழுதிக்கொடுக்கும் ‘எனக்கு வேண்டாம்’ செல்லாது. பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது என்றே சென்னை உயர்நீதிமன்றம், 1918ஆம் ஆண்டுத் தொகுதியில் பதிவான ஒரு தீர்ப்பில், சொன்னது. என் மூத்த அக்காவின் வெற்றுத்தாள் இதன்படி குப்பைக் காகிதம். அலகாபாத் உயர்நீதிமன்றமோ வேறு மாதிரி யோசித்தது. 1973இல் உச்சநீதிமன்றம் அலகாபாத் பக்கம் நின்றது. விதி அப்படியே இருக்கட்டும். ஆனால் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு, இனிக் கேட்க மாட்டேன் என்று நம்பவைத்துவிட்டுப் பிறகு கேட்க வந்தால், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்லும் முரண்தடை குறுக்கே நிற்கும். முஸ்லிம் சட்டத்தோடு இது முரண்படவில்லை என்றும் நீதிமன்றம் விளக்கியது. அந்த வழக்கில் எழுதிக்கொடுத்தவர்கள் மகன்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2011இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு ராவுத்தர் குடும்ப வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதே விதியைப் பின்பற்றியது. ஆனால் நம் ஊர்களில், கல்யாணத்துக்குச் சீர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது யார்?

இப்போது இரண்டு வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1985இல் உச்சநீதிமன்றம் ஷாபானு வழக்கில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவைக் கொண்டு விவாகரத்தான ஒரு முதிய பெண்ணுக்கு ஜீவனாம்சம் கொடுத்தது. நாடெங்கும் கிளர்ச்சி, ஊர்வலம், 1986இல் தனிச் சட்டம். 1973இல் அதே நீதிமன்றம், சாட்சியச் சட்டத்தைக் கொண்டு, வாரிசின் பங்கைப் பாதுகாத்த ஒரு முஸ்லிம் சட்ட விதியின் பல்லைப் பிடுங்கியது. ஓர் ஊர்வலமும் இல்லை. முதலாவதில் அரசு ஷரீஅத்துக்குள் நுழைந்தது என்றால் இரண்டாவதிலும்தானே நுழைந்தது? ஒன்றில் ஆணின் கையிலிருந்து காசு போயிற்று, மற்றதில் கைக்குள் வந்தது. வேறு என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்குச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் பொது சிவில் சட்டக்காரர்கள் கைதட்ட வேண்டாம். எங்கள் தெருவிலேயே நாயக்கர் வீட்டுப் பெண்களும் நாடார் வீட்டுப் பெண்களும் இதே பத்திர எழுத்தர்களிடம், இதே வாசகங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சம பங்கு தரும் சட்டம் அவர்களுக்கு உண்டு. அந்தச் சம பங்கும் இதே வழியில்தான் போகிறது. சாத்தூரில் பொது சிவில் சட்டம் ஏற்கனவே அமலில் இருக்கிறது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம்.

5

தமிழ்நாட்டில் அண்மை வருஷங்களில் நடந்தவை இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகின்றன. 2016 டிசம்பரில், சென்னை அண்ணா சாலைப் பள்ளிவாசல் ஒன்றில் இயங்கிய ஷரீஅத் கவுன்சில் தொடர்பான வழக்கில், வழிபாட்டுத் தலங்களில் நீதிமன்றம் போல் நடத்துவதை நிறுத்தும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஜனவரியில், வக்கீலும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், தலைமைக் காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயமே என்று இடைக்கால உத்தரவு. அதற்கு ஆதாரமாக வந்தது அதே 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் முத்தலாக் செல்லாது என்று உச்சநீதிமன்றம். 2019இல் அதைக் குற்றமாக்கி மூன்றாண்டு வரை சிறை. 2023இல், குலா கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், ஜமாஅத்தின் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம். 2024இல் மதுரைக் கிளையும், ஷரீஅத் கவுன்சில் ஒரு தனியார் அமைப்பே, நீதிமன்றம் அல்ல என்றது.

இவற்றில் பெரும்பாலானவற்றை நான் வரவேற்கிறேன், தயக்கத்தோடு. தலாக் சொன்னவனை ஜெயிலில் போட்டுவிட்டு அவனிடமே ஜீவனாம்சம் கேள் என்பது யாருக்கு உதவி? குலாச் சான்றிதழை ஜமாஅத்தில் வாங்கிக்கொண்டு வெளியேறிய ஏழைப் பெண் இனி மாவட்டத் தலைநகரத்துக்கு வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும், கூலியை விட்டுவிட்டு. நீதிமன்றம் திறந்திருக்கிறது, உண்மைதான். அங்கே போக பஸ் காசு யார் தருவது?

இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டியவர்கள் பெண்கள்தான். 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் முன்னின்று உருவாக்கிய முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைச் சொல்கிறேன். ஆண்கள் மட்டுமே உட்காரும் ஜமாஅத்தில் பெண்ணின் வழக்கைப் பெண் இல்லாமலே தீர்க்கிறார்கள், ஆகவே எங்களுக்கென்று ஒரு ஜமாஅத், எங்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் என்றார் அவர். தீபா தன்ராஜ் இவர்களைப் பற்றி 2011இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அந்தப் பெண்கள் குர்ஆனையும் கையில் எடுத்தார்கள், போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். எது கைகொடுக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் இருநூறு வருஷமாகச் செய்துவந்ததும் அதுதான். பெண்கள் செய்தபோது மட்டும் அது ‘குழப்பம்’ ஆகிவிட்டது.

6

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்புகள் எடுத்த பிறகு ஊருக்குப் போய் மூத்த அக்காவிடம் கேட்டேன். உனக்கு ஒரு ஏக்கர் பாத்தியதை இருந்தது தெரியுமா என்று. சேவு மடித்து வந்த காகிதத்தை நீவிக்கொண்டே சொன்னாள்: “தெரியாம என்ன? ஓதுனவதானப்பா நானும். ஒரு ஏக்கர வாங்கிட்டா பெருநாளைக்கு யாரு வீட்டுக்கு வர்றது? உங்க மச்சான் ரெண்டு அடி அடிச்சாருன்னு வச்சுக்க, நான் எந்தப் படில வந்து ஒக்கார்றது? அந்தப் படிக்குத்தான் தம்பி கையெழுத்துப் போட்டேன்.”

1772 தொடங்கி நான் படித்த எந்தச் சட்டமும் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. ஷரீஅத்தும் அரசும் அவளுக்குப் பங்கைக் கொடுத்தன. பங்கைக் கேட்டால் இழக்கப்போகும் பிறந்த வீட்டுப் படிக்கு மாற்றாக எதையும் கொடுக்கவில்லை. ஊர்வழக்கம் அதைக் கொடுத்தது, பங்கை விலையாக வாங்கிக்கொண்டு. எனவே ‘ஷரீஅத்தா, அரசா’ என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மூன்றாவது ஆள், அதாவது அண்ணனும் நானும், நிம்மதியாக இருக்கலாம்.

எங்கள் ஜமாஅத்தில் நிக்காஹ் தப்தர் இருக்கிறது. யார் யாரைக் கட்டினார், மஹர் எவ்வளவு, சாட்சி யார் என்று வரி விடாமல் எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் சாத்தூரில் செய்த நிப்பால் எழுதிய பக்கங்கள் அதில் இன்னும் இருக்கின்றன. அதே போல் ஒரு மௌத்து விழுந்தால், வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு பங்கு, அது கொடுக்கப்பட்டதா என்று எழுத ஒரு தப்தர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விடுதலைப் பத்திரம் எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம், அவள் அண்ணன் தம்பி இல்லாத இடத்தில், பெண்களே போய் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஷரீஅத்தும் தடுக்காது, அரசும் தடுக்காது. “யோசிப்போம்” என்றார்கள்.

என் பெயரில் இருக்கும் நாலு ஏக்கரில் இரண்டு என்னுடையதல்ல. அண்ணனிடம் பேசிவிட்டேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. என் பங்குக்கு அந்த இரண்டை அம்மாவுக்கும் அக்காமாருக்கும் எழுதிவைக்கப் போகிறேன் என்று சொல்லி ஆறு மாசம் ஆகிறது. இன்னும் எழுதவில்லை. கட்டுரையைத்தான் முதலில் எழுதி முடித்திருக்கிறேன்.